காஞ்சி நகரசபைக் குமாஸ்தா

எட்டாம் வகுப்பில் அமெரிக்க தேச சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தோம். பதின்மூன்று குடியேற்றங்கள் இங்கிலீஷ் அரசனிடமிருந்து பிரிந்து பதின்மூன்று ராஜ்யங்களாயின. ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் ஒரு கவர்னர். விர்ஜீனியா ராஜ்யத்தின் முதல் கவர்னர் பாட்ரிக் ஹென்றி என்று சொல்லிப் பலகையில் 1776 என்று எழுதினோம். பின் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "ஸார், அங்கே கவர்னரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களே, நம் கவர்னருக்கு மட்டும் நாம் ஏன் ஓட்டுப் போடுவதில்லை?" என்று கேட்டான்.

கேள்வி நியாயமானதுதான். நம் நாட்டில் கவர்னர் டில்லியிலிருந்து நியமிக்கப்படுகிறவர். ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபையின் நம்பிக்கையைப் பெற்று ராஜ்யத்தை நடத்துகிறவர் முதல் மந்திரி. ஆகையால் அமெரிக்கக் கவர்னருக்கு நேரானவர் நமது முதல் மந்திரியே என்று விளக்கினோம். பாட்ரிக் ஹென்றியைப் பற்றியும் சிறிது சொன்னோம். கடை வைத்து நஷ்டப்பட்டவர். பிறகு பேச்சினாலேயே பெரியவரானவர். கவர்னர் பதவி அந்நாளில் ஒரே வருஷத்துக்குத்தான். 1788-ல் மத்திய சர்க்காருக்கு அதிகாரம் மிகுந்துவிடுமென்று புதிய அரசியல் சட்டத்தையே எதிர்த்தவர். ஆனால் 1799-ல், சாகும் வருஷத்தில், ஐக்கியம் குலையக்கூடாது என்று அதே சட்டத்தின் பக்கம் நின்றவர்.

"நம் ஊரில் அப்படி யாராவது உண்டா, ஸார்?"

நாம் வகுப்பு நடத்துவது காஞ்சிபுரத்தில்! அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன்களைச் சின்ன காஞ்சிபுரத்திலுள்ள அண்ணா நினைவு இல்லத்துக்கு அழைத்துச் சென்றோம். அன்று அவர்களுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் நேயர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

ஸ்ரீ காஞ்சீபுரம் நடராஜன் அண்ணாதுரை பிறந்தது 1909-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி. நெசவை மரபாக உடைய செங்குந்தர் குடும்பம். தாயார் பங்காரு அம்மாள். வளர்த்தவர் சிற்றன்னை ராஜாமணி அம்மாள். அவரைப் பிள்ளை அழைத்தது 'தொத்தா' என்று. பிற்காலத்தில் ஊர் முழுவதும் அந்த அம்மையாருக்குத் 'தொத்தா' என்றே பெயர்.

இவ்வூரை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. காஞ்சிபுரத்தில் கோபுரங்களை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். குனிந்து பார்க்க வேண்டியது வீட்டுக்குள் இருக்கிறது. தரையில் குழி வெட்டி, அதில் கால்களை இறக்கி உட்கார்ந்து மிதிக்கும் குழித்தறி அது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கோர்வை போட வேண்டும். அதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்கிறவர் ஒருவர் போதாது, பக்கத்தில் நாடா எடுத்துக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை வெகுகாலம் வரையில் வீட்டுச் சிறுவனுடையதாகவே இருந்தது. முந்தி வேறு நிறமானால் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்க்கும் பேட்னி வேலை. இத்தனையும் செய்து முடித்துப் புடவையை முதலாளியிடம் கொடுத்தால் கூலியில் முன்பணம் கழியும். கடன் தீராது. இந்தத் தெருக்களில் பிறந்த ஒரு பையன் பள்ளிக்கூடத்துக்குப் போவதென்றால் வீட்டில் ஒரு கை குறைகிறது என்று அர்த்தம்.

அண்ணாதுரை பள்ளிக்கூடத்துக்குப் போனார். பச்சையப்ப முதலியாரின் தர்மத்தால் நடந்த பள்ளிக்கூடம். ஆனால் நடுவில் படிப்பை நிறுத்தி, குடும்பத்துக்கு நாலு காசு கொண்டுவருவதற்காக இவ்வூர் நகரசபைக் காரியாலயத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். (அந்த நகரசபை 2021-ல் மாநகராட்சியாகிவிட்டது.) பெரிய மனிதர்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இந்தக் குமாஸ்தா உத்தியோகத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எமக்கு அப்படித் தாண்ட மனமில்லை. வருஷந்தோறும் எம் வகுப்பிலிருந்து இரண்டு மூன்று பையன்கள் இதே காரணத்துக்காக நின்றுவிடுகிறார்கள், பெரும்பாலோர் திரும்புவதில்லை. அண்ணாதுரை திரும்பினார். சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தார். 1930-ல், மாணாக்கராயிருக்கும்போதே, ராணி அம்மையாருடன் விவாகம் நடந்தது. 1934-ல் பொருளாதாரமும் ராஜீய சாஸ்திரமும் படித்துப் பி.ஏ. ஆனர்ஸ் பட்டத்துடன் வெளிவந்தார். சிறிது காலம் உபாத்தியாயராகவும் இருந்தார் என்பதில் எம் போன்றவர்களுக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

அதே 1934-ல் திருப்பூரில் ஈ.வெ. ராமசாமிப் பெரியாரைச் சந்தித்தார். அதன்பின் வாழ்க்கை திரும்பிவிட்டது. 1936-ல் ஜஸ்டிஸ் கட்சியின் சார்பில் சென்னைக் கார்ப்பொரேஷன் தேர்தலுக்கு நின்று தோற்றார். ஈரோட்டில் பத்திரிகை வேலை பார்த்தார். 1938-ல் கட்டாய ஹிந்தியை எதிர்த்துச் சிறை சென்றார். 1942-ல் காஞ்சிபுரத்திலேயே 'திராவிட நாடு' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அந்தப் பத்திரிகையில் அவர் கட்சித் தொண்டர்களுக்கு எழுதியவை 'தம்பி'க்கு அண்ணன் எழுதும் கடிதங்களாக அமைந்தன. அறிக்கை விடுவது தலைவர்கள் வழக்கம். குடும்பத்துக்குக் காகிதம் போடுவது போல எழுதியவர் இவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் அண்ணாவானது இப்படித்தான்.

நாடகங்கள், சினிமாக் கதைகள், நாவல்கள் எல்லாம் எழுதினார். 'வேலைக்காரி'யையும் 'ஓர் இரவை'யும் நேயர்கள் திரையில் பார்த்திருப்பார்கள்; அவற்றைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. அவருடைய மேடைத் தமிழைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். வடசொற்களை விலக்கி, அடுக்கடுக்காக எதுகை மோனை சேர்த்து அவர் பேசியபோது பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். சாக்குக் கடைக்காரர்கள் இரவு பன்னிரண்டு மணிவரை நின்று கேட்டார்கள். வடசொல் விரவிய எமது இந்த நடையை அவர் படித்திருந்தால் மூக்குப்பொடி டப்பியைத் திறந்துகொண்டே ஒரு புன்னகை செய்திருப்பார்.

தேசீயக் கொள்கையில் வளர்ந்த குடும்பங்களுக்கு அண்ணாதுரையிடம் ஒரு தீராத மனத்தாங்கல் இருந்தது. திராவிட நாடு தனியாக வேண்டும் என்று இருபது வருஷம் பேசியவர் அவர். அதை நாம் மறைக்க முடியாது. சரி என்றும் சொல்ல முடியாது. ஆனால் 1947 ஆகஸ்டு 15 வந்தபோது பெரியார் அதைத் துக்க நாள் என்றார். அண்ணாதுரை தமது தலைவருக்கு விரோதமாக, அது இன்ப நாள் என்று எழுதினார். வெள்ளைக்காரன் வெளியேறுவதில் துக்கப்பட ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. இரண்டு வருஷங்களுக்குப் பின் 1949 செப்டம்பரில் பிரிவு முற்றியது. திராவிட முன்னேற்றக் கழகம் சென்னை ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் நடந்த கூட்டத்தில் பிறந்தது. புதுக் கட்சியில் தலைவர் நாற்காலி காலியாகவே இருக்கும், அது பெரியாருக்குரியது என்று அறிவித்து, தாம் பொதுச் செயலாளராகவே இருந்தார்.

1953-ல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கி, நெசவாளர் குடும்பங்கள் பிச்சைக்கு வரும் நிலை ஏற்பட்டது. அப்போது சென்னையில் முதல் மந்திரி ராஜாஜி. வேஷ்டியும் புடவையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டுமென்று ராஜாஜி டில்லியுடன் வாதாடினார். மறுபக்கத்தில் கழகத்தார் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். அண்ணாதுரை திருச்சி வீதிகளில் விற்றார். மூட்டை தூக்கி விற்றதனால் நெசவாளரின் கடன் அடைந்துவிடவில்லைதான். ஆனால் இரண்டு எதிரிகள் ஒரே தறிக்காக இரண்டு வழியில் பாடுபட்டதை இவ்வூர்க்காரராகிய நாம் மறக்கலாகாது.

1957-ல் கழகம் முதன்முதலாகச் சட்டசபைத் தேர்தலில் இறங்கிப் பதினைந்து இடங்களைப் பிடித்தது. அண்ணாதுரை ஜயித்தது காஞ்சிபுரத்தில். ஐந்து வருஷம் கழித்து 1962-ல் வந்தது அதிசயம். கழகம் பதினைந்திலிருந்து ஐம்பதாக வளர்ந்தது. தலைவரோ தோற்றார். அதுவும் தாம் பிறந்த ஊரில். ஜயித்தவர் காங்கிரஸ் அபேட்சகர் நடேச முதலியார், இவ்வூர்க்காரர், பஸ் கம்பெனி முதலாளி. முன் சட்டசபையில் இருந்த பதினைவரையும் வீழ்த்திவிட வேண்டுமென்று காமராஜர் திட்டமிட்டு வேலை செய்ததில் ஸ்ரீ மு. கருணாநிதி ஒருவர்தான் தப்பினார் என்பது பிரசித்தம்.

சொந்த ஊர் கைவிட்ட மனிதனுக்கு உண்டாகும் வருத்தம் எப்படிப்பட்டதென்று யோசித்துப் பாருங்கள். தேசம் முழுவதும் கைதட்டுகிறது. தொத்தா வீட்டுத் தெரு கதவைச் சாத்திக்கொள்கிறது. ஆனால் அந்தத் தோல்விதான் அவரை டில்லிக்கு அனுப்பியது. ராஜ்ய சபை அங்கத்தினராகி, 1962 மே மாதம் தமது கன்னிப் பேச்சிலேயே பிரிவினையைக் கேட்டார். வடக்கத்திய அங்கத்தினர்கள் கொதித்தார்கள். அவரோ கோபத்தை வாங்கிக்கொண்டு நல்ல இங்கிலீஷில் பதில் கொடுத்தார்.

அதே வருஷம் அக்டோபரில் சீனர் படை எல்லையைத் தாண்டியது. அண்ணாதுரை பிரிவினைப் பேச்சை நிறுத்தினார். சர்க்காரின் யுத்த முயற்சிக்கு ஆதரவு கொடுத்தார். வீடு இருந்தால் அல்லவா ஓடு மாற்றுவதைப் பற்றிப் பேசலாம் என்று அவர் சொன்னதாக இன்றும் வழங்குகிறது. 1963-ல் பிரிவினை கோருவோர் தேர்தலுக்கு நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம் வந்தது. கழகம் அந்த வருஷமே கோரிக்கையைக் கைவிட்டது. சட்டத்துக்குப் பயந்து விட்டார் என்றார்கள் சிலர். பெரியார் தரப்பினர் பரிகசித்தார்கள். காங்கிரஸ்காரர் நம்பவில்லை. நமது அபிப்பிராயம் வேறு. இருபது வருஷம் ஒரு கொள்கையைச் சொல்லித் திரட்டிய கூட்டத்தின் முன் நின்று, இனி அது இல்லை என்று சொல்வது எளிதன்று. கூட்டம் கலைந்துபோயிருக்கலாம், இன்னும் மோசமான கைகளுக்குப் போயிருக்கலாம். உலகத்தில் எத்தனையோ நாடுகளில் அப்படித்தான் நடந்தது. இங்கே நடக்கவில்லை. பிரிவினைக்குப் பதிலாக ராஜ்யங்களுக்கு அதிக அதிகாரம் என்ற கோரிக்கை நின்றது. விர்ஜீனியாவின் பழைய கவர்னரைப் பற்றி நாம் பலகையில் எழுதியது இந்த இடத்தில் பையன்களுக்கு ஞாபகம் வந்தது.

1965-ல் ஹிந்திப் பிரச்னை தீயாக மூண்டது. கலாசாலை மாணாக்கர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் போயின. அரிசிப் பஞ்சம் வேறு. 1967 தேர்தலில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி முதல் இடது கம்யூனிஸ்டுகள் வரையில் சேர்ந்த விநோதமான கூட்டணியோடு கழகம் நின்று பெரும்பான்மை பெற்றது. விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். எமது பெரியவர்கள் அன்று அழுதார்கள் என்று கேட்டிருக்கிறோம். வெற்றிச் செய்தி வந்த சில தினங்களில் அண்ணாதுரை செய்த காரியம் திருச்சிக்குப் போனதுதான். அந்தத் தேர்தலில் தமக்கு விரோதமாகக் காங்கிரஸுக்குப் பிரசாரம் செய்த பெரியாரை, பதினெட்டு வருஷப் பிரிவுக்குப் பின், நேரில் கண்டு வணங்கினார். பெரியார் கூச்சத்தால் தலை குனிந்தார் என்பார்கள்.

1967 மார்ச் 6-ஆம் தேதி கவர்னர் சர்தார் உஜ்ஜல் சிங் முன்னிலையில் பதவிப் பிரமாணம் நடந்தது. ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்குக் கவர்னர் எதற்கு என்று மேடையில் கேட்டவரென்று பெயர் பெற்றவர் அண்ணாதுரை. அன்று கவர்னரிடம் வெகு மரியாதையாக நடந்துகொண்டார்.

ஆட்சி நடந்தது சுமார் 700 நாள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது தேர்தல் வாக்கு. சென்னையிலும் கோயமுத்தூரிலும் ஒரு படி கொடுத்தார்கள். ராஜ்யம் முழுவதற்கும் கொடுக்கக் கஜானாவில் பணம் இல்லை. பொருளாதாரம் படித்த முதல் மந்திரிக்கு இது முன்பே தெரியாதா என்று பையன்களில் ஒருவன் கேட்டான். எம்மிடம் நல்ல பதில் இல்லை. புரோகிதரில்லாமல் மாலை மாற்றிச் செய்துகொண்ட சுயமரியாதைக் கல்யாணங்கள் சட்டப்படி செல்லும் என்ற மசோதா நிறைவேறியது. முன்பே அப்படி மணந்தவர்களுக்கும் அது செல்லும். பிள்ளைகளின் சொத்துரிமை கோர்ட்டில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் மூச்சு விட்டன. 1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாவது உலகத் தமிழ் மகாநாடு நடந்தது. அதே மாதம் பள்ளிக்கூடங்களில் தமிழும் இங்கிலீஷும் போதும் என்ற தீர்மானம் வந்தது.

பெயர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி விருதுநகரில் உண்ணாவிரதமிருந்து 1956 அக்டோபரில் உயிர் நீத்தவர் சங்கரலிங்கனார், காந்தி பக்தர், கதர் உடுத்தவர். அவர் கேட்டது அவருடைய கட்சி ஆட்சியிலேயே கிடைக்கவில்லை. 1963-ல் ராஜ்ய சபையில் இதே கோரிக்கை வந்தபோது, பெயரை மாற்றி என்ன லாபம் என்று ஓர் அங்கத்தினர் கேட்டார். பார்லிமெண்டின் சபைகளை லோக் சபா, ராஜ்ய சபா என்று மாற்றி நீங்கள் அடைந்த லாபம் என்னவோ அதுதான் என்ற பொருளில் அண்ணாதுரை பதில் சொன்னார். 1967 ஜூலை 18-ஆம் தேதி சட்டசபையில் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது காங்கிரஸ் அங்கத்தினர்களும் ஆதரித்தார்கள். தமிழ்நாடு என்ற பெயரை அவர் மும்முறை சொல்ல, சபை முழுவதும் வாழ்க என்றது. கதர்க்காரர் கேட்ட பெயரைக் கறுப்பு சிவப்புக் கரைக்காரர் வாங்கிக் கொடுத்தார்.

1968 ஏப்ரலில் அமெரிக்கா சென்றார். ஏல் சர்வகலாசாலை அவருக்குச் சப் பெல்லோஷிப் என்ற கௌரவத்தைக் கொடுத்து, மாணாக்கர்களுடன் சில நாள் தங்கி அளவளாவ அழைத்திருந்தது. அந்தச் சர்வகலாசாலையின் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமோ? எலிஹு ஏல் என்பவர் 1649-ல் அமெரிக்காவில் பாஸ்டனில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, 1687 முதல் 1692 வரையில் நமது சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தார். சொந்த வியாபாரத்தில் கை நீண்டதென்ற புகாரின் மேல் நீக்கப்பட்டார். 1718-ல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறிய கலாசாலைக்கு 417 புஸ்தகங்களையும், அரசனுடைய படம் ஒன்றையும், ஒன்பது மூட்டைச் சரக்கையும் அனுப்பினார். மூட்டையில் இருந்தவை துணிமணிகள். அவற்றை விற்ற பணத்தில் கட்டடம் எழுந்தது, பெயரும் எழுந்தது. 250 வருஷம் கழித்து அதே ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஆட்சி செய்தவர், தறிக்காரத் தெருவில் பிறந்தவர், துணி விற்ற காசில் எழுந்த அந்தக் கலாசாலையில் போய் உட்கார்ந்து பேசினார்.

அவ்வருஷமே செப்டம்பரில் இரண்டாம் முறை அமெரிக்கா போனார். இந்தத் தடவை நியூயார்க் ஆஸ்பத்திரிக்கு. உணவுக் குழாயில் புற்றுநோய். ரண சிகிச்சை செய்துகொண்டு நவம்பரில் திரும்பினார். திரும்பியவர் பழைய மனிதரல்லர். டிசம்பர் 25-ஆம் தேதி இரவு தஞ்சை ஜில்லாக் கீழ்வெண்மணியில், கூலி நெல் கூட்டிக் கேட்ட தகராறில், ஒரு குடிசைக்குள் ஒளிந்த விவசாயத் தொழிலாளர் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், தீயில் மாண்டார்கள். ஏழை எளியவர்களின் ஆட்சி என்று பெயர் பெற்ற ஆட்சியில் நடந்த கோரம் அது. முதல் மந்திரி நோயாளி என்பது உண்மை. அவர் மனம் நொந்தார் என்பதும் உண்மை. என்றாலும் அந்தக் குடிசையைச் சொல்லாமல் இந்தச் சரித்திரத்தை எழுத எமக்குச் சம்மதமில்லை.

1969 ஜனவரி 14, பொங்கலன்று, தமிழ்நாடு என்ற பெயர் அமலுக்கு வந்தது. அந்தப் பெயருள்ள ராஜ்யத்துக்கு அண்ணாதுரை முதல் மந்திரியாக இருந்தது மூன்று வாரத்துக்கும் குறைவு. பிப்ரவரி 3-ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிச் சில நிமிஷங்களில் காலமானார். வயது 59. கடற்கரையில் அடக்கம் செய்தபோது கூடிய கூட்டத்தைக் கின்னஸ் புஸ்தகத்தில் பதிந்தார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் காரப்பேட்டையில் அவர் பெயரால் சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அவரைக் கொன்ற வியாதிக்கு அங்கே தறிக்காரர்கள் காசில்லாமல் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள்.

நினைவு இல்லத்தை விட்டு வெளியே வந்து, வரதராஜப் பெருமாள் கோயில் பக்கமாக நடந்தோம். கேள்வி கேட்ட பையன் விடவில்லை. "ஸார், 1962-ல் இந்த ஊரில் தோற்றாரே, யார் ஸார் அவருக்கு ஓட்டுப் போடாதவர்கள்?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எங்கள் கொள்ளுத் தாத்தா போடலையாம், ஸார். பஸ்காரர் வேண்டியவராம்."

"அப்புறம்?"

"அண்ணா செத்துப் போனப்போ லாரியில் தொத்திக்கிட்டு மெட்ராஸ் போனாராம். நாலு நாள் கழிச்சுத்தான் வீட்டுக்கு வந்தாராம், ஸார்."